பங்கேற்பாளர் நான்கின் கையெழுத்து

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை வாலு மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அந்த வறட்டு இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நன்றாக இருப்பதாகவே முதல் வரியில் எழுது, நிஜத்தை இரண்டாம் வரியில் எழுதலாம், அதற்குள் நான் உட்கார்ந்துகொள்வேன். உன் தடித்த உறை வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். நீ மூன்று முறை ஃபோன் செய்து அதிலிருந்த ஆய்வுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டாய், நானும் மூன்று முறை "போட்டுடறேன் கண்ணு" என்றேன். மூன்று முறையும் அப்பா பக்கத்தில்தான் இருந்தார், உன் குரலைத் தானும் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார், பிள்ளை குரலைக் கேட்கக் கூடாது என்று யாரிடம் சொல்ல முடியும், அதனால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு உன் இருமலைப் பற்றியே விசாரித்தேன். மையால் கையெழுத்துப் போட்ட அசல் படிவம்தான் வேண்டும் என்று உன் கல்லூரி கேட்பதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, தபால் போட எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. இருபதாம் தேதிக்குள் அது உன் கையில் வராவிட்டால் இந்தப் பருவத்து ஆய்வு செல்லாது, வேறு தலைப்பு எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஐந்து வருடப் படிப்பு ஐந்தரை ஆகிவிடும் என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு இந்த மாதம் கூடுதலாக இரண்டு கட்டிடங்கள் கொடுத்திருக்கிறார்கள், ஆக மொத்தம் பதினோரு லிஃப்ட். எங்கேயாவது யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறார். போன வாரம் ஒரு அம்மாள் நான்காம் மாடிக்கும் ஐந்துக்கும் நடுவில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாராம், உள்ளே இருந்து கதவைப் பிளக்கப் பார்த்தாராம், அப்பா வெளியே நின்றுகொண்டு "நீங்களா எதையும் திறக்காதீங்கம்மா, நான்தான் வந்துட்டேன்ல, பேசாம நில்லுங்க" என்று பேசிப் பேசியே அவரை அமைதிப்படுத்தினாராம், அதை வந்து ஆசையாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், ஏனென்றால் அதே குரலில்தான் அவர் என்னிடமும் பேசுகிறார். இதை உன் ஆய்வில் போட்டுவிடாதே, உன் ஆய்வைத் திருத்துகிற மேடம் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடுவார். உன் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும், சமூக அறிவியலும் சட்டமும் சேர்த்து ஒரே பட்டமா, அது என்னப்பா கலப்படம் என்று கேட்டாலும், அப்பாவுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது, "ஒரே டிக்கெட்டுல ரெண்டு படம்". கீழ் மாடி அத்தை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை, "அக்கா தம்பின்னு எல்லாருக்கும் அறிவுரை சொல்றதுக்கு அஞ்சு வருஷமா, நான் படிக்காமலே சொல்றேனே" என்கிறாள். வாலுக்கு முன்பல் ஒன்று விழுந்து இன்னொன்று ஆடுகிறது. நீ வந்தபோது சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "அப்ஜெக்‌ஷன்" என்று எழுந்து நிற்கிறாள், பல் தேய்க்கச் சொன்னாலும் அப்ஜெக்‌ஷன்தான். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "வீட்டுல யாரும்மா வக்கீல்?" நான் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், பிறகு திட்டும் வாங்கிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நீ நினைப்பது தெரிகிறது. நீ அனுப்பிய ஆய்வின் வரைவைப் படித்தேன், ஒரு முறை இல்லை, நான்கு முறை. வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஐந்து பெண்களிடம் பேசியிருக்கிறாய், அதில் நான் பங்கேற்பாளர் 4. வயது நாற்பத்தொன்று, பட்டதாரி, விசாரணைப் பதிவுகளைத் தட்டெழுதுபவர், கணவர் மின்தூக்கிப் பராமரிப்பவர். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆனாலும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்த மாதிரிதான் இருந்தது, அதுவும் மேலே பல்ப் எரிகிற கண்ணாடி. பன்னிரண்டு வருடமாகக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவை ஓட்டி நிறுத்தும் பெடலைக் காலால் மிதித்து மிதித்து, யார் யாரோ சொன்ன சாட்சியங்களைத் தட்டெழுதுகிறேன், வேலை போனவர், வாடகைத் தகராறுக்காரர், பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போடுகிறவர்கள், எல்லோருடைய வார்த்தையும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. என் வார்த்தையை இன்னொருவர் தட்டெழுதிப் படித்தது இதுதான் முதல் தடவை. அந்த இன்னொருவர் நீ. இரண்டு மணி நேரப் பேச்சில் "கேட்டுச் சொல்றேன்" என்று நான் பதினேழு முறை சொல்லியிருப்பதாக எண்ணி எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை, உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது. இரண்டை நீ விட்டுவிட்டாய், ஒன்று டீ இன்னொரு தடவை போடட்டுமா என்று நீ கேட்டபோது சொன்னது. என் டீயை நான் குடிப்பதற்கு யாரைக் கேட்டுச் சொல்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

படிவம் தாமதமான கதையைக் கேள், சிரித்தாலும் சிரி. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பச்சைக் கோப்பு உனக்குத் தெரியும். கையெழுத்து வேண்டிய காகிதம் எதுவானாலும் அதில் வைப்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பேனாவோடு உட்கார்ந்து வரிசையாகப் போடுவது, அவருடைய வேலையில் ஆய்வு அட்டையில் கையெழுத்து இல்லையென்றால் செய்த வேலையும் செய்யாத வேலைதான், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பது என் வேலை. உன் உறையைப் பிரித்த அன்று, படிவத்தில் 'பங்கேற்பாளர் கையொப்பம்' என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எனக்காகத்தான், நான் போடுவதற்காகத்தான், ஒரு பெருக்கல் குறி போட்டேன். அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போகும்போது கை தானாகப் படிவத்தைப் பச்சைக் கோப்பில் செருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வாலின் பள்ளிச் சீட்டு, தண்ணீர் இணைப்பு விண்ணப்பம், அதோடு உன் படிவம், எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். உன் கல்லூரி முத்திரை மேலே இருந்தது, நாலு வருடமாக உன் கல்லூரிக் காகிதங்களில் போட்டுப் பழகிய கை, ஒரு வரி படிக்கவில்லை. திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறேன், 'என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தலையீடுமின்றி இதில் கையெழுத்திடுகிறேன்' என்ற வரிக்குக் கீழே அப்பாவின் கையெழுத்து கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் அடைப்புக்குறிக்குள் 'பாதுகாவலர்' என்று வேறு. முதலில் சிரிப்பு வந்தது. சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போய் நின்றது என்று கேட்காதே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, குறி போட்டது நான், கோப்பில் வைத்தது நான்.

அந்தப் படிவத்தை அனுப்ப முடியாது, நகல் எடுத்து அந்த இடத்தை மறைத்து மறுபடியும் வெற்றுப் படிவமாக்க வேண்டும், ஜெராக்ஸ் கடை தெருமுனையில்தான், போய்வர ஐந்து நிமிடம். ஆனால் வீட்டைப் பூட்ட என்னிடம் சாவி இல்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அத்தையை மேலே வந்து உட்காரச் சொல்லலாம், எங்கே, எதற்கு, யாருக்கு என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உன் சாட்சியச் சட்டப் புத்தகத்தில்கூட அத்தனை கேள்வி இருக்காது. அதனால் எட்டாம் நாள் ஒரு திருட்டு வேலை செய்தேன். கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஆள் இருக்கிற மாதிரி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, என் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டேன். செருப்பை வாசலில் விட்டால் எதைப் போட்டுக்கொண்டு போவது, குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன், ஒவ்வொரு படிக்கும் சளக் சளக் என்று சத்தம். கடைக்காரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார்தான் கையெழுத்துப் போட்டுட்டாரே, அப்புறம் இன்னொண்ணு எதுக்கு?" என்றார். சார் போடக் கூடாத இடம் என்றேன். அவர் அந்த இடத்தின்மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து நகல் எடுத்துக் கொடுத்தார். குடும்பத்தில் இல்லாத ஒருவர் சாட்சியாகவும் போட வேண்டுமே, எனக்கு வெளியே யாரைத் தெரியும், அவரையே கேட்டேன். அவரோ, "படிக்காம நான் எதுலயும் போடமாட்டேன், ஒரு தடவ போட்டு பட்டிருக்கேன்" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நின்ற நிலையில் இரண்டு பக்கமும் படித்தார், ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். நான் என் திறந்த வீட்டை நினைத்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான், "உங்க வாயால சொன்னத எழுதிக்கறதுக்கு உங்ககிட்டயே சம்மதம் கேக்குறாங்களா? நல்ல படிப்பாதான் இருக்கு. எங்க வீட்டுல எங்கிட்ட யாரும் எதுக்கும் கேட்டதில்ல." பிறகு, நான் முதலில் போட்டால்தான் அவர் போட முடியும் என்று பேனாவை என் கையில் கொடுத்தார். சிட்டு, எனக்குக் கை ஓடவில்லை. வீட்டில் போட்டுக்கொள்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த நாளை வருவதற்குத்தான் இத்தனை நாள்.

திரும்பி வந்தால் வாசலில் அத்தை. உள்ளே போய் ரேடியோவை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "வீட்டத் தொறந்து போட்டுட்டு, செருப்பையும் விட்டுட்டு, எங்க போன? நான் என்னமோ ஏதோன்னு குளியலறையெல்லாம் தட்டிப் பாத்தேன்." அவள் பயந்துதான் போயிருந்தாள், அவளையும் குறை சொல்ல முடியவில்லை. சாயங்காலம் அப்பா வந்தார், அத்தை படியிலேயே சொல்லிவிட்டாள். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே போயி எடுத்துட்டு வந்திருப்பேனேம்மா, நீ ஏன் வெயில்ல அலையணும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல், நீதான் படிக்கிறாய். நீ போன விடுமுறையில் விட்டுப்போன ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், சுயசம்மதம் என்ற பாடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறாய், எதெல்லாம் இருந்தால் சம்மதம் செல்லாது என்று. வற்புறுத்தல், மோசடி, தவறான தகவல், பிழை, இன்னும் ஒன்று, பெரியவர் சின்னவர்மேல் தன் நிலையை வைத்துச் சாய்ப்பது. வெயிலில் அலைய வேண்டாம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தைப் புரட்டியும் பார்த்தேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். உன் ஆய்வில் முப்பத்தொன்றாம் கேள்வி. நிறுவனம் உங்களை நேரில் வந்து விசாரணை அறையிலேயே பதிவாளராக வேலை செய்யக் கூப்பிட்டதே, ஏன் போகவில்லை? பதில், 'விருப்பமில்லை.' அதன் கீழே நீ எழுதியிருக்கிறாய், 'பங்கேற்பாளர் 4 எவ்விதத் தயக்கமுமின்றிப் பதிலளித்தார். கட்டுப்பாட்டைத் தன் விருப்பமாகவே அவர் ஏற்றுக்கொண்டுவிட்டதை இது காட்டுகிறது.' நல்ல வாக்கியம்தான், உன் மேடம் பக்கத்தில் சரி போட்டிருப்பார். ஆனால் அன்றைக்கு மேசையில் உன் ஃபோன் பதிந்துகொண்டிருந்ததுபோல என் வேலைக் கருவியும் பதிந்துகொண்டிருந்தது, யாராவது பேச உட்கார்ந்தால் அதை அமுக்குவது என் கைப்பழக்கம். ஹெட்ஃபோன் மாட்டி, பெடலை மிதித்து, அந்த இடத்தைக் கேட்டேன். நீ கேள்வி கேட்டு முடிக்கிறாய். பிறகு ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம், வாலு பின்னால் ஏதோ முணுமுணுக்கிறாள். பதினொரு விநாடி. பதினொரு விநாடி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா, சாட்சிக் கூண்டில் ஒருவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார். என் வாயைத் திறக்கும் சத்தம் கேட்கிறது, மூச்சை உள்ளே இழுக்கிறேன், ஏதோ நீளமாகச் சொல்ல வருகிறேன். அப்போது கதவில் சாவி திரும்பும் சத்தம், தாழ் விழும் சத்தம், "என்ன, அம்மாவும் பொண்ணும் கோர்ட்டா?" என்று அப்பாவின் குரல். அதற்குப் பிறகுதான் என் குரல், "விருப்பமில்ல." நீ அதையெல்லாம் வெளிச்சத்தம் என்று வெட்டிவிட்டாய். எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தரும் விதி, கேட்டதைத் தட்டு, புரிந்ததைத் தட்டாதே. யாராவது பேசாமல் இருந்தால் எத்தனை விநாடி என்று போட வேண்டும், கதவு திறந்தால் கதவு திறந்தது என்று போட வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு வருடமாக அந்த மரியாதையைச் செய்திருக்கிறேன். எனக்கு அதை நீ செய்வாய் என்று நினைத்தேன். திட்டுவதற்காக எழுதவில்லை கண்ணு, நீ இருபது வயதுப் பெண், நான் உன் அம்மா, அம்மா பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு அது சத்தமில்லாத மாதிரிதான் இருக்கும், எனக்கும் என் அம்மாவிடம் அப்படித்தான் இருந்தது.

எதைச் சொல்ல வந்தேன் என்று நீ கேட்பாய். அந்த விசாரணை அறைக்கு எனக்குப் போக வேண்டும் என்றுதான். பன்னிரண்டு வருடமாகக் காதில் கேட்ட அந்த அறை எப்படி இருக்கும், நாற்காலியை இழுக்கிறார்களே அது எந்த நிற நாற்காலி, இருமுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், எனக்கு ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். பட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை ஏழு மாத வயிற்றோடு எழுதினேன், மேசைக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய், பேப்பரை எட்ட முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினேன், அதனால் உனக்கு இது முதல் பட்டம் இல்லை, இரண்டாவது என்று நான் அடிக்கடி சொல்வேனே. மேலே சட்டம் படிக்க அப்போதே ஆசை, அது நடக்கவில்லை, நீ படிக்கிறாய், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சூபர்வைசர் அம்மா மறுபடியும் கூப்பிட்டார். "அந்த இடம் திரும்ப காலியா இருக்கு, வாரத்துல மூணு நாள்தான், மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, மூணாவது தடவ என்னால கேக்க முடியாது." என் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று நீ எண்ணி வைத்திருக்கிறாய். இருபது என்று திருத்திக்கொள்.

இப்போது சாவிக் கதை. உன் ஆய்வின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில், 'பங்கேற்பாளர் 4-இடம் தான் வாழும் வீட்டின் சாவி இல்லை' என்று போட்டு, அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதிகாரம், வாசல், நடமாட்டம் என்று. படிக்க எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது. நீ ஃபோனில் "அம்மா, உங்கிட்ட சாவி இருக்கா?" என்று கேட்டாய், நான் "இல்லையே" என்றேன், அதற்குள் உன் வகுப்பு மணி அடித்துவிட்டது, ஏன் இல்லை என்று நீ கேட்கவில்லை. முதல் மாடியில் திருடு போனபோது அப்பா அந்தப் பெரிய பூட்டைப் போட்டாரே, அதற்கு மூன்று சாவி. ஒன்று அப்பாவின் கொத்தில். என்னுடையது போன வருடம் பூட்டுக்குள்ளேயே முறிந்தது. மூன்றாவதைத்தான் நான் வைத்திருந்தேன், விடுமுறையில் நூலகத்துக்குப் போய்வர நீ அதை வாங்கிக்கொண்டாய், திரும்பிப் போகும்போது உன்னோடு அதுவும் வண்டியேறிவிட்டது. உன் மஞ்சள் பென்சில் பெட்டியில், அழிப்பான் வைக்கும் அறையில் பார். அந்தப் பூட்டுக்கு வெளியில் சாவி வெட்டித் தர மாட்டார்கள், கம்பெனிக்கு எழுதித்தான் வாங்க வேண்டும், அந்த விண்ணப்பம் பச்சைக் கோப்பில் இருக்கிறது, அப்பா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன்கிட்ட பூட்டு நம்பர் குடுத்தா யார் கைக்குப் போகுமோ, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அடியில் வைத்துவிடுகிறார். ஆக என் வீட்டுச் சாவி என்னிடம் இல்லை என்பது உண்மை, அதை வைத்துக்கொண்டு எழுதியவள் யார் என்பதும் உண்மை. இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதிவு முழுசாகாது. ஐந்து மாதமாக அந்தச் சாவியை அனுப்பு என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்க வாய் வரும், வேண்டாம் என்று விட்டுவிடுவேன். சாவி இல்லையே, வீட்டைப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. சாவி வந்துவிட்டால் வேறு என்ன சொல்வது என்று பயம்.

நேற்று மறுபடியும் போனேன். இந்த முறை செருப்பை மாட்டிக்கொண்டுதான் போனேன், அத்தையிடம் "ஜெராக்ஸ் கடைக்குப் போறேன், கதவு சாத்தியிருக்கு, பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன், எதற்கு என்று கேட்டாள், வந்து சொல்கிறேன் என்றேன், வந்து சொல்லவில்லை. கடைக்காரம்மாவின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சின்னக் கையெழுத்துதான், கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறிவிட்டது, பரவாயில்லை. அவர் பார்த்து, "உங்க பேரு இதுதானா, இத்தன வருஷமா தெரியாதே" என்று சொல்லிவிட்டுச் சாட்சி போட்டார். படிவம் இதோடு இருக்கிறது. கூடவே தனித்தாளில் முப்பத்தொன்றாம் கேள்வியை எங்கள் நிறுவன முறைப்படி தட்டெழுதி வைத்திருக்கிறேன், மௌனம் பதினொரு விநாடி, மூச்சு இழுக்கும் சத்தம், பூட்டில் சாவி திரும்பும் சத்தம், அப்பாவின் வார்த்தை, அதன் பிறகு என் பதில். அதை அப்படியே சேர். 'எவ்விதத் தயக்கமுமின்றி' என்பதை எடுத்துவிடு. அதற்கு மேல் நீ என்ன முடிவுக்கு வருகிறாயோ அது உன் படிப்பு, அதில் நான் தலையிட மாட்டேன். பதினேழைப் பத்தொன்பதாக மாற்றுவது உன் இஷ்டம். அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார், "நம்மளப் பத்தி என்னதான் எழுதியிருக்கா, படிச்சுக் காட்டேன்" என்று, ஆசையாகத்தான் கேட்கிறார், கேட்கும்போது முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம். படித்துக் காட்டுவேன். எப்போது என்று கேட்காதே. நீ ஃபோனில் சொல்லிவிடாதே, நான்தான் சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்தோரு நாள் இருக்கிறது. அந்த வேலை விஷயமும் அவரிடம் இன்னும் பேசவில்லை, பேசுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை, இதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

உனக்கு இரண்டு வார்த்தை. சமூகவியல் படித்த வருடங்களில் எதற்கெடுத்தாலும் "ஏன்" என்று கேட்டாய், சட்டம் ஆரம்பித்ததிலிருந்து "எங்க எழுதியிருக்கு" என்று கேட்கிறாய், இரண்டுக்கும் நடுவில் "அப்புறம்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிரு. மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கறுப்புக் காலணி கடிக்கிறது என்றாயே, பின்பக்கம் பஞ்சு வை. வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகாதே. அறைத்தோழியோடு பேசாமல் இருக்கிறாயாமே, வாலு சொன்னாள், எவ்வளவு சரி உன் பக்கம் இருந்தாலும் முதலில் நீயே பேசு.

நீ நினைத்த இடத்தில் நீயே போய் நிற்கும்படி நல்ல காலும் நல்ல நாக்கும் உனக்கு இருக்கட்டும், யாரும் உனக்காகப் பேச வேண்டி வராமல் நீ பேசுவாயாக, அப்பாவும் என்னைப்போலவே இதைத்தான் வேண்டுகிறார், வேறு வார்த்தையில். மறக்காமல் அந்தச் சாவியைக் காகிதத்தில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு. உறைமேல் அப்பா பெயர் வேண்டாம், என் பெயரைப் போடு, பதிவுத் தபாலுக்குப் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தபால்காரர் எந்த நாள், எந்த நேரம் வந்தாலும் பரவாயில்லை. அது வரும் வரைக்கும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பங்கேற்பாளர் 4